காதுகுத்துக்கு வாங்கிய நெய்

பேத்தியின் காதுகுத்துக்காக காட்பாடியில் ஒரு மளிகைக் கடையில் அரை லிட்டர் ஜாடியாக நான்கு நெய் வாங்கினேன். லேபிளில் பசு மாட்டுப் படம், 'சுத்தமான நெய்' என்ற எழுத்து. கேசரி ஆறியதும் மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒட்டியது. சம்பந்தியம்மா ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை ஓரமாக வைத்துவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உணவு உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும். விரல் வைத்து எண்ணினேன், 12தான் இருந்தது.

கடைக்காரர், "எடுத்துட்டு வாங்கம்மா, மாத்தித் தரேன்" என்றார். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஜாடி, லேபிள், பில் மூன்றையும் படம் எடுத்து உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினேன். நல்லவேளை, பில் இருந்தது.

நாலாம் நாள் அலுவலர் கூப்பிட்டார். அவர் சொன்னது எனக்குப் புதிது. நாம் திறந்துவிட்ட ஜாடியை வைத்து வழக்குப் போட முடியாதாம். வீட்டில் கலந்திருப்பார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். கடை அலமாரியில் அதே சரக்கு இருந்தால்தான் மாதிரி எடுக்க முடியும். நாமே பணம் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்பவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் கடைக்கு வந்தபோது நானும் போய் நின்றேன். அதே தேதி போட்ட நான்கு ஜாடிகளைக் காசு கொடுத்து வாங்கி, ரசீதும் பெற்றார். ஒவ்வொன்றையும் தடித்த தாளில் சுற்றி, கையெழுத்திட்ட சீட்டை ஒட்டி, நூலால் கட்டி, முடிச்சில் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை வைத்தார். சாட்சிக் கையெழுத்துக்கு யாரும் முன்வரவில்லை. கடைசியில் பக்கத்து டீக்கடைக்காரர்தான் வந்து போட்டார். ஒரு ஜாடி ஆய்வகத்துக்கு, இரண்டு துறையிடம் பத்திரமாக, இன்னொன்று கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு.

டால்டா மாதிரியான வனஸ்பதியில் நல்லெண்ணெய் கொஞ்சம் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும் என்று விதி உண்டு என்றார் அலுவலர். நெய்யில் வனஸ்பதியைக் கலந்தால் அந்த நல்லெண்ணெய்தான் காட்டிக் கொடுக்கும்; அமிலம் சேர்த்துச் செய்யும் சோதனையில் சிவப்பு நிறம் வந்துவிடுமாம். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஆய்வகம் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். தரமற்றது, லேபிளும் தவறு என்று வந்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய எதிர்த்தரப்புக்கு 30 நாள் உண்டு. அப்புறம்தான் வழக்கு மாவட்ட வருவாய் அலுவலரிடம் போனது. சட்டப்படி தரமற்ற உணவுக்கு 5 லட்சம் வரை, தவறான லேபிளுக்கு 3 லட்சம் வரை அபராதம் போடலாம். மாதங்கள் ஓடின. கடைசியில் அபராதம் விதித்தார்கள்.

அந்தப் பணம் அரசுக்குப் போகும், நமக்கு வராது. நெய்க்குக் கொடுத்த காசு திரும்ப வேண்டுமானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். நான் போகவில்லை.

போன வாரம் குடியாத்தத்தில் ஒரு கடையில் அதே பசு படத்தோடு, வேறு பெயரில் ஒரு ஜாடியைப் பார்த்தேன். உரிம எண்ணின் இலக்கங்களை எண்ணிப் பார்த்தேன். படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.