கவரில் முகவரி ஏன் இடம் மாறி விழுகிறது

வேலூர் கடைகளில் கட்டாகக் கிடைக்கும் 9×4 இஞ்ச், 10×4½ இஞ்ச் கவர்கள் இரண்டுமே, முகவரி அச்சிடப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் வேர்டின் கவர் அளவுப் பட்டியலில் இல்லை. அதில் இருப்பவை டிஎல் (220×110 மி.மீ.), சைஸ் 10 (9½×4⅛ இஞ்ச்) மாதிரியானவை. கிட்டத்தட்ட அதுதானே என்று ஒன்றைத் தட்டிவிட்டால் தொல்லை அங்கேயே தொடங்கிவிடும். கவரை மூடி ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். மெயிலிங்ஸ், என்வலப்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாகப் போய் கஸ்டம் சைஸில் 9×4 கவருக்கு அகலம் 22.86, உயரம் 10.16 செ.மீ. என்று கொடுங்கள். உடனே பிரிண்ட் அழுத்தாமல் ‘ஆட் டு டாக்குமென்ட்’ கொடுத்தால் முகவரி எங்கே விழுகிறது என்று திரையிலேயே தெரியும்.

வேர்டில் மட்டும் அளவைச் சொன்னால் போதாது. பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏ4-இலேயே நின்றிருக்கும். உறையைப் பிடிக்கும் இரண்டு தடுப்புகளும் சேர்ந்து நகர்ந்தால் அது நடுவில் தாள் இழுக்கும் பிரிண்டர். பெரும்பாலான லேசர் பிரிண்டர்கள் இந்த வகை. குறுகிய பக்கம் முதலில் போகும் 9×4 கவருக்கும் ஏ4-க்கும் அகல வித்தியாசம் 108 மி.மீ.; அதில் பாதி, 54 மி.மீ., முகவரி ஒரு பக்கம் தள்ளிப்போய்விடும். கவரின் உயரமே 102 மி.மீ. என்பதால் பாதி முகவரி உருளையில்தான் விழும். இப்படி ஐந்தரை செ.மீ. அளவுக்கு நகர்ந்திருந்தால் வேர்டை நோண்ட வேண்டாம். டிரைவரில் தாள் அளவை மாற்றுங்கள். அங்கே 9×4 இல்லையென்றால் விண்டோஸின் பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் ஃபார்ம்ஸ் பக்கத்தில் 10.16×22.86 என்று புதிதாக ஒன்று உருவாக்கலாம். சில டிரைவர்கள் அதை ஏற்காது. அப்போது வேர்டின் ‘பிரிண்டிங் ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் உள்ள படங்களில் நடுவில் போகும் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எந்தப் பக்கம் மேலே, மூடி எந்தப் புறம் என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். ஏ4 தாளை 9×4-ஆக வெட்டி, மேல்புறத்தில் அம்புக்குறி வரைந்து ஒருமுறை விட்டுப் பார்த்தால் போதும், கவர் வீணாகாது.

லேசரில் ஜன்னல் கவர் வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், கோந்தும் ஒட்டிக்கொள்ளும். பின்கதவு உள்ள மாடலில் அதைத் திறந்துவைத்தால் கவர் வளையாமல் நேராக வெளியே வரும், சுருக்கமும் குறையும். கல்யாணப் பத்திரிகைக் கவராக இருந்தால் மஞ்சள் தடவுவதை அச்சுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் தூள் பிரிண்டரின் டிரம்மில் (அச்சு உருளையில்) போனால் வரும் கோடுகளுக்குக் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

பெயர்ப்பட்டியலை எக்செலில் வைத்து, ஒவ்வொரு முகவரியும் தானாகக் கவரில் ஏறும்படி மெயில் மெர்ஜ் செய்வோர் கதவு எண் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட வேண்டும். இல்லையென்றால் 12/3 என்ற வீட்டு எண் தேதியாகிவிடும். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பட்டியலில் ஆங்கில எழுத்து கலந்தால் அதுவும் தமிழாகிக் குழம்பும். யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ என்று இறுக்கினால் கொக்கி, சுழி எல்லாம் வெட்டுப்படும்; ‘சிங்கிள்’ போதும்.

பட்டியலையும் ஒருமுறை பாருங்கள். 1989-இல் பிரிந்த வட ஆற்காடு மாவட்டத்தை இன்னும் எழுதிவைத்திருப்பவர்கள் உண்டு. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களானது பல பட்டியல்களில் ஏறவே இல்லை. பின்கோடு பத்தியை வடிகட்டி, 632401 (ராணிப்பேட்டை), 632503 (ஆற்காடு) என்று வருபவற்றின் மாவட்டப் பெயரைத் திருத்திய பிறகு பிரிண்ட் கொடுங்கள். முதலில் ஐந்து கவர் மட்டும்.