கதவு திறக்காத எம்ஜிபி

ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கியதும் இடப்பக்கக் கதவு திறக்க மறுத்தது. கைப்பிடி அசைகிறது, பூட்டும் விடுபடுகிறது. கதவு மட்டும் இறுகிப்போய் நிற்கிறது. ஜாக்கியை இறக்கினால் ஒன்றும் நடக்காததுபோல் திறக்கிறது. மூன்று முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். கூட நின்ற டிங்கர், "சில் போய்விட்டது, சார்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். கதவுக்கு அடியில் ஓடும் தகரப் பகுதிக்குத்தான் சில் என்று பெயர். கப்பலில் வந்து இறங்கி ஒரு வாரம்கூட ஆகாத வண்டி அது.

1970ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர், அதாவது நிலையான கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் தயாரான மாடல். 1798 சிசி எஞ்சின், இரட்டை எஸ்யூ கார்பரேட்டர், அதிக நுணுக்கமில்லாத வயரிங். உதிரிபாகங்களுக்குப் பஞ்சமில்லை, 1988இல் இதன் முழு பாடியையே பழைய அச்சுகளைக் கொண்டு புதிதாகச் செய்து விற்கத் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட வண்டியில் கையைச் சுட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

விற்றவர் எஞ்சின் ஜாம் ஆகியிருப்பதை ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மையில் மயங்கி மற்றதைக் கேட்காமல் விட்டேன். அவர் அனுப்பிய நாற்பது படங்களில் குரோம் பம்பர் இருந்தது, ஸ்டீயரிங் இருந்தது, சீட்டின் கிழிசல்கூட இருந்தது. அடிப்பக்கம் ஒன்றில்கூட இல்லை. அந்த ஊரிலேயே பழைய வண்டி தெரிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்து, துணி சுற்றிய ஒரு காந்தத்தோடு அனுப்பியிருந்தால் அரை மணி நேரத்தில் விஷயம் தெரிந்திருக்கும். தகரத்தில் காந்தம் ஒட்டும், துருவை மறைக்கப் பூசிய பட்டியில் வழுக்கும்.

நான் பயந்த எஞ்சின் கடைசியில் பெரிய தொல்லை தரவில்லை. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் அசிட்டோனும் கியர் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பத்து நாள் விட்டேன். பதினோராம் நாள் முன்பக்க நட்டில் நீளமான ஸ்பேனர் போட்டுத் தள்ளியபோது ஒரு முனகலோடு நகர்ந்தது. ரிங், பேரிங், கேஸ்கெட் மாற்றினேன், அவ்வளவுதான்.

கப்பல் கதை வேறு. ஓட்டி ஏற்றும் கப்பலில் வண்டி உருள வேண்டும், திரும்ப வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். என் வண்டியின் பிரேக் சக்கரத்தை விடவே மறுத்தது. எனவே கண்டெய்னர், ஃபோர்க்லிஃப்ட், அவற்றுக்குத் தனித்தனி பில். இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருந்தேன். பாலிசியை முழுதாகப் படித்தபோதுதான், ஓடாத பழைய வண்டிக்கு முழு இழப்பு மட்டுமே சேரும், வண்டிக்குள் வைத்து அனுப்பும் உதிரிபாகம் எதுவும் சேராது என்று தெரிந்தது. டிக்கியில் வைத்த டாஷ்போர்டு மீட்டர்களில் இரண்டு வந்து சேரவில்லை. யாரிடம் கேட்பது? கண்டெய்னரைத் திறந்தவர்கள் தங்களுக்குத் தெரியாது என்றார்கள். ஏற்றியவர்களும் அதையே சொன்னார்கள்.

சுங்கத்தில் நின்ற நாட்கள்தான் அதிகம் நோகடித்தன. சுங்க வரிப் பட்டியலில் சாதாரண கார் 8703 என்ற தலைப்பில் வரும். வரலாற்று மதிப்புள்ள சேகரிப்புப் பொருள் என்று ஒப்புக்கொண்டால் 9705. இரண்டுக்கும் வரியில் பெரிய வித்தியாசம் இருக்கலாம் என்பதால் பலரும் இரண்டாவதன் மேல் கண் வைக்கிறார்கள், நானும் வைத்தேன். இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம், தொழிற்சாலையின் பழைய பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது: வண்டி செய்த தேதி, முதல் நிறம், எஞ்சின் எண் எல்லாம் அதில் இருக்கும். ஆசையாக வரவழைத்தேன். அதில் உள்ள எஞ்சின் எண் வேறு, வண்டியில் இருப்பது வேறு. எப்போதோ யாரோ எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள். எனக்குச் சாதகமாக இருக்கும் என்று நானே நீட்டிய காகிதம் என் வாதத்தைக் கவிழ்த்துவிட்டது.

அது போதாதென்று, விற்பனைப் பத்திரத்தில் சேஸிஸ் எண்ணின் ஓர் இலக்கம் 3க்குப் பதில் 8 என்று இருந்தது. தகட்டில் துருப் படிந்து 3 பார்வைக்கு 8 ஆகவே தெரிந்ததால் எழுதியவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் திருத்திய பத்திரம் வரும்வரை வண்டி குடோனில் கிடந்தது. நாள் ஒவ்வொன்றுக்கும் வாடகை ஓடியது. இதற்கு நடுவில், பிரேக் ஷூவிலும் கிளட்சிலும் அஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று ஒரு கேள்வி. அந்தக் காலத்து வண்டிகளில் அது சாதாரணம். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அது இருந்தால் வண்டியை உள்ளேயே விடமாட்டார்கள். இந்தக் கேள்வியை ஏற்றுவதற்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டும்.

மறுபடியும் சில்லுக்கு வருகிறேன். எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் எல்லாம். அதிலும் ரோட்ஸ்டருக்குக் கூரை இல்லாததால், கதவுக்கு அடியில் நீளவாக்கில் பெட்டி போல ஓடும் இந்தச் சில்தான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து நிறுத்துகிறது. அதன் அடித்துண்டின் விளிம்பு கோட்டை மதில்போல் பல் பல்லாக இருக்கும். உள்ளே போகும் தண்ணீர் அந்த இடைவெளிகளில் வடிய வேண்டும். அங்கே சேறு அடைத்தால் தண்ணீர் நிற்கும், தகரம் உள்ளிருந்து அரிக்கும். என் வண்டியில் டிங்கர் ஸ்க்ரூடிரைவரை வெளித்தகட்டில் வைத்து அழுத்தினார். பிஸ்கட் உடைவதுபோல் ஒரு சத்தம், பிடிவரை உள்ளே போய்விட்டது. பட்டியைச் சுரண்டினால் அதற்குள் செய்தித்தாள் உருண்டை. அதில் பாதி விளையாட்டுச் செய்தி இன்னும் வாசிக்கும்படி இருந்தது.

பழைய சில்லை வெட்டும்முன் கதவு இடைவெளியின் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். அப்படிச் செய்யாமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதுத் தகடு வைத்துவிட்டால் பிறகு கதவு ஒருநாளும் பொருந்தாது. இதற்கு அவசரமே கூடாது என்று டிங்கர் ஒவ்வொரு வெல்டிங்குக்குப் பிறகும் இடைவெளியை அளந்து சுவரில் கரியால் எழுதினார். தகரத்துக்கும் கூலிக்கும் கொடுத்தது வண்டி வாங்கிய விலையை எப்போதோ தாண்டிவிட்டது. கூட்டிப் பார்ப்பதை நான் நிறுத்திவிட்டேன்.

இடப்பக்கம் போன வாரம் முடிந்தது. ஜாக்கியை ஏற்றிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். கதவை இழுத்தேன், திறந்தது. சாத்தினேன், ஒரே தட்டில் சாத்திக்கொண்டது. வலப்பக்கத்தில் இன்னும் குழாய்கூட வைக்கவில்லை.