திக்கற்ற பொதிகளைத் தேடியபோது பில் பிரிண்டர் நின்ற கதை

சென்னிமலையில் சித்தப்பாவின் பெட்சீட் கடையில் கணக்கும் பில்லும் ஓடுகிற பழைய கணினியில் முதலில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 10-ஆம் பதிப்பை நிறுவி, பிறகு 11, 12 என்று அதன் மேலேயே மேம்படுத்தி வந்திருக்கிறேன். இயங்குதளம் இருக்கும் 20 ஜிபி ரூட் பகிர்வில் ஒன்றரை ஜிபிகூட மிச்சமில்லை என்று தெரிந்த பிறகுதான், யாருக்கும் வேண்டாமல் கிடக்கும் திக்கற்ற (orphan) பொதிகளை, அதாவது நிறுவப்பட்ட மென்பொருள் தொகுப்புகளை, கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

எதையும் நீக்காமல் ஒத்திகை மட்டும் பார்க்கும் தெரிவைச் சேர்த்து, தேவையற்ற பொதிகளை நீக்கும் "ஆப்ட் ஆட்டோரிமூவ்" கட்டளையை ஓட்டினேன் (ஆப்ட் என்பது டெபியனில் பொதிகளை நிறுவி நீக்கும் கருவி). இரண்டு பழைய கெர்னல்களும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மற்ற நிரல்கள் பயன்படுத்தும் சில நூலகங்களும் பட்டியலில் வந்தன. தயங்க ஒன்றுமில்லாததால் நீக்கிவிட்டேன், வட்டில் கிடைத்த இடத்தில் பெரும்பகுதி கெர்னல்களால் வந்ததுதான். ஆனால் டெபியன் 12-இல் லிப்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத்தின் 3-ஆம் பதிப்பு வந்து இடம் பிடித்த பிறகும், பழைய லிப்எஸ்எஸ்எல் 1.1 அப்படியே இருந்தது. வேறொரு பொதியின் தேவைக்காகத் தானாக வந்தவற்றை மட்டுமே ஆப்ட் "எக்ஸ்டெண்டட் ஸ்டேட்ஸ்" என்ற கோப்பில் குறித்து வைக்கிறது. ஆட்டோரிமூவ் அந்தக் குறிப்பு உள்ளவற்றைத் தவிர வேறெதையும் தொடாது. எப்போதோ ஓர் அவசரத்தில் அந்த நூலகத்தை, ஆப்ட்டுக்கு அடியில் இயங்கும் டிபிகேஜி கருவி கொண்டு நானே நேராக நிறுவியிருந்ததால், அது நான் விரும்பி வைத்துக்கொண்டதாகவே கணக்காகியிருந்தது.

எனவே "ஆப்ட் லிஸ்ட்" கட்டளையோடு "?ஆப்சலீட்" என்ற வடிவத்தைக் கொடுத்து, ஆப்ட் பொதிகளை எடுக்கும் எந்தக் களஞ்சியத்திலும் இப்போது இல்லாத பொதிகளைப் பட்டியலிட்டேன். 31 பெயர்கள் வந்தன. பழைய டெபியன்களோடு வந்த பைத்தான் நிரல்மொழியின் 3.7, 3.9 பதிப்புகளின் மிச்சங்களாகவே தெரிந்ததால், ஒவ்வொன்றாகப் படிக்காமல் மொத்தமாக நீக்கினேன். நான் செய்த தவறு இதுதான்.

திங்கட்கிழமை காலை சித்தப்பா கூப்பிட்டார்: "ஏஞ்சாமி, பில்லே வர மாட்டேங்குதே?"

நான் நீக்கிய 31-இல் பில் பிரிண்டரின் இயக்கியும் (டிரைவர்) இருந்தது. அது தயாரிப்பாளர் தந்த டெப் கோப்பிலிருந்து (டெபியன் பொதிக் கோப்பு) நிறுவியது; எந்தக் களஞ்சியத்திலும் அது இருந்ததே இல்லை. களஞ்சியத்தில் ஆதரவில்லாதது வேறு, கணினியில் யாருக்கும் தேவைப்படாதது வேறு. நான் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டேன். (பராமரிப்பாளர் கைவிட்ட பொதியையும் டெபியன்காரர்கள் இதே திக்கற்றது என்ற சொல்லால்தான் அழைக்கிறார்கள் என்பது குழப்பத்துக்கு இன்னொரு காரணம்.) பதிவிறக்க அடைவில் அந்த டெப் கோப்பு அழியாமல் கிடந்ததால், கடைக்கு முதல் வாடிக்கையாளர் வருவதற்குள் மீண்டும் நிறுவ முடிந்தது.

நல்லவேளையாக அந்த மொத்த நீக்கத்தில் லிப்எஸ்எஸ்எல்லை மட்டும் சேர்க்காமல் விட்டிருந்தேன். இம்முறை "ஆப்ட்-கேஷ் ஆர்டிபெண்ட்ஸ்" கட்டளையில், நிறுவப்பட்டவற்றை மட்டும் காட்டும் தெரிவோடு, அதை யார் நம்பியிருக்கிறார்கள் என்று பார்த்தேன், ஒருவருமில்லை. "ஆப்ட்-மார்க் ஆட்டோ" கொடுத்துத் தானாக வந்ததாகக் குறித்ததும், அடுத்த ஆட்டோரிமூவில் அது தானே பட்டியலுக்கு வந்தது. நீக்கிய பிறகு, சித்தப்பாவை ஒரு பில் அடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் கடையை விட்டுக் கிளம்பினேன்.