கிளுவை வேலியில் சீந்தில்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை உப்புவெளியில் மூலிகை வளர்ப்பது லேசான வேலையில்லை. துளசி குச்சியாகிவிட்டது, ஆடாதோடையின் இலை ஓரமெல்லாம் கருகிப் போனது. சீந்தில் கொடி மட்டும் இலையை உதிர்த்துவிட்டு, நூல் போன்ற விழுதுகளைத் தொங்கவிட்டபடி சும்மா கிடந்தது. மாரி பிடித்ததும் வேலி முழுக்க இதய வடிவ இலை. பக்கத்து வளவுக்கும் போய்விட்டது, கேட்பாரில்லை.

நட்ட தடி ஒரு பரியாரியார் தந்தது. “தண்டு மரு மருவாய் இருந்தா அது வேற இனம், தம்பி. கசாயக் குடிநீருக்கு எடுத்திடாதை” என்றார். அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

குடிநீருக்கு விரல் மொத்தத் தண்டை இடித்து, மல்லியும் வேர்க்கொம்பும் போட்டு, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சினேன். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு! பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் இறக்க முடிந்தது. அந்த மாரியில் எனக்குத் தடிமன் வரவில்லை. சரி, ஒரு மிடறும் குடிக்காத அண்ணாவுக்கும் வரவில்லையே.

சீந்திலில் வெறும் கசப்பு மட்டும் இல்லை. அதன் தண்டிலுள்ள அரபினோகலக்டன் என்னும் பல்சர்க்கரை, கிருமிகளை விழுங்கும் மாக்ரோபேஜ் கலங்களைத் தூண்டுவதை ஆய்வுகூடச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நோயெதிர்ப்பைத் தூண்டுவது எல்லாருக்கும் நல்லதில்லை. லூபஸ், முடக்குவாதம் போன்ற நோய்களில் அந்த நோயெதிர்ப்பே சொந்த உடம்பைத் தாக்குகிறது. 2021இல் மும்பை வைத்தியர்கள், சீந்தில் எடுத்தபின் ஈரல் பாதிக்கப்பட்ட 6 பேரைப் பற்றி எழுதினார்கள். பாரம்பரிய வைத்தியத்துக்கான இந்திய ஆயுஷ் அமைச்சு உடனே மறுத்தது. அவர்கள் குடித்தது சீந்தில்தானா, அதைப்போல இருக்கும் இன்னோர் இனமா என்று கேட்டது. பரியாரியார் சொன்ன அதே மரு விஷயம்!

அதை வாசித்த பிறகு, திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் மருமகளிடம் ஒரு துண்டைக் கொடுத்தேன். மருவில்லை, நல்ல சீந்தில்தான் என்றாள். அப்புறமும் முடக்குவாதத்துக்கு மாத்திரை எடுக்கும் அக்காவுக்கு நான் அதைக் கொடுப்பதில்லை. அவவுக்கு வெறும் மல்லித் தண்ணி. நானும் மாதக்கணக்கில் குடிப்பதை விட்டாயிற்று. மாரி தொடங்கும்போது சில நாட்கள், அவ்வளவுதான்.

அடுத்தது நிலவேம்பு. விதை போட்டிருக்கிறேன், இந்த முறை நிழலில், சாடியில்.