பெயர் சொல்லாத பாட்டியும் ஒரு மந்திரவாதிக் கதையும்

எங்கள் பாட்டி, தாத்தாவின் பெயரைச் சாகும்வரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்கும் என்னைப் பார்ப்பார். நான்தான் சொல்ல வேண்டும். பென்னாகரத்தை அடுத்த எங்கள் ஊரில் இது விநோதமே அல்ல. முதலிரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த வீட்டில், மூன்றாவதாகப் பிறந்தவனை எமனும் ஏறெடுத்துப் பார்க்கக் கூடாதென்று குப்பன் என்றே பெயரிட்ட ஊர் அது. ஆகையால், ஒன்றின் உண்மைப் பெயரை அறிந்தவனுக்கு அதன்மேல் அதிகாரமும் வந்துவிடும் என்று ஒரு நாவல் சொன்னபோது, அதை நம்ப எனக்குச் சிரமமே இருக்கவில்லை.

உர்சுலா லெ குவின் இளையோருக்காக எழுதி 1968இல் வெளிவந்த ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’தான் அந்த நாவல். தீவுகளாலான ஓர் உலகில், தாயை இழந்து, ஆடு மேய்த்து வளரும் கெட் என்ற சிறுவன் மந்திரவாதியாகும் கதை. (தமிழில் எழுதினால் கெட்டுப்போனவன் போலத் தொனிக்கிறது; என் செய்வது!) கூரைமேல் ஏறிக்கொண்ட ஆட்டைத் தாயின் சகோதரியான சூனியக்காரி சில சொற்களால் இறக்குவதைக் கேட்டவன், மறுநாள் பொருள் தெரியாமலே மேய்ச்சல் நிலத்தில் அவற்றைக் கத்துகிறான். ஆடுகள் அத்தனையும் சத்தமே இல்லாமல் வந்து அவனைச் சூழ்ந்து நெருக்கி, மஞ்சள் கண்களால் பார்த்துக்கொண்டே நிற்கின்றன. விலகிப் போகவும் மறுக்கின்றன. பட்டியில் ஆடுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, அந்தக் குறுக்குவெட்டுக் கண்களைப் பக்கத்தில் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும்.

வீம்புக்குச் செய்த மந்திரத்தால் அவனே ஒரு நிழலை ஏவிவிட்டு, முதலில் அதற்கு அஞ்சி ஓடுவதும், பிறகு திரும்பி நின்று அதையே துரத்துவதும் அருமையாக வந்திருக்கின்றன. ஆனால் கடற்பயணம் நீண்டுகொண்டே போகும் கடைசிப் பகுதியில், பழங்கதை சொல்பவரைப் போல ஆசிரியர் எட்ட நின்றே பேசுவதால், பதின்வயதுப் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடக்கூடும்.

அதைப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. பெண்களின் மந்திரம் பலவீனமானது, பொல்லாதது என்று கெட் பிறந்த தீவில் பழமொழியே வழங்குகிறது. மந்திரப் பள்ளியில் பெண்களுக்கு இடமில்லை. பையனின் திறமையை முதலில் கண்டறிந்து, தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அந்தச் சூனியக்காரிதான் என்றாலும், அவளை அரைகுறை அறிவுக்காரியாக ஓரங்கட்டிவிட்டுக் கதை நகர்ந்துவிடுகிறது. என் ஊரின் பெயர் நம்பிக்கையை அங்கே கண்டு மகிழ்ந்த எனக்கு, என் ஊரின் இந்தப் பழக்கத்தையும் அங்கேயே காண நேர்ந்ததுதான் உறுத்தல். தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களில் ஆநிரை மீட்டு மாண்ட ஆண்களின் பெயர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டியையோ ஊரே என் அப்பாவின் பெயரைச் சேர்த்து, இன்னாரின் அம்மா என்றுதான் அழைத்தது.

1990இல் வெளிவந்த ‘தெஹானு’வில் அதே தீவை ஒரு பெண்ணின் கண்வழியே ஆசிரியர் மறுபடி பார்த்தார் என்பதால், எனக்குக் கோபம் பாதிதான். புத்தகத்தை வாங்கிப்போன அண்ணன் மகள் ஒரே வாரத்தில் திருப்பிக் கொடுத்தாள்.

“அத்தை, ஆட்டைக் கூப்பிடுற அந்த அம்மா பேரு என்ன?”

பெயர்களைப் பற்றிய புத்தகம்தானே என்று முதல் அத்தியாயத்தைப் புரட்டித் தேடினேன். எங்கும் இல்லை.