காஸ்பியன் கடலை அட்டையில் அடுக்கியபோது

மூன்று வாரமாகக் காஸ்பியன் கடலின் அடித்தளத்தை அட்டையில் வெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அளவு இருபது லட்சத்தில் ஒரு பங்கு. வடக்கு தெற்காக 1,200 கிலோமீட்டர் நீளும் கடல், மேசைமேல் 60 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் அதே அளவில் ஆழத்தையும் காட்டினால், 1,025 மீட்டர் ஆழமுள்ள இடம்கூட அரை மில்லிமீட்டர் பள்ளம்தான். அதனால் ஆழத்தை மட்டும் 80 மடங்கு பெரிதாக்கினேன். 2 மில்லிமீட்டர் அட்டை ஒன்று 50 மீட்டர் ஆழம்.

முதலில் வெட்டியது வீணாய்ப் போனது. உயர வரைபடத்தின் பூஜ்யக் கோட்டையே கரையென்று எடுத்துவிட்டேன். காஸ்பியனின் நீர்மட்டமே பெருங்கடல் மட்டத்துக்குச் சுமார் 28 மீட்டர் கீழே இருக்கிறது! நான் வெட்டியதில் வோல்கா கழிமுகமும் அஸ்திரகான் நகரமும் தண்ணீருக்குள் போயிருந்தன. சரி, எல்லாக் கோடுகளையும் 28 மீட்டர் இறக்கி மறுபடி வரைந்தேன்.

இந்த முறை முதல் மூன்று அட்டைகளில் கடலின் நடுப்பகுதியும் தென்பகுதியும் ஒரே ஓட்டை. 200 மீட்டர் கோட்டில் அது இரண்டாகப் பிரிந்தது. நடுவே நிற்பது அப்ஷெரோன் முகடு; பாகூ நகரம் இருக்கும் தீபகற்பத்திலிருந்து கிழக்கே கடலுக்கடியில் ஓடுகிறது. இதைப் படித்திருக்கிறேன், கத்தி அந்த இடத்தைச் சுற்றி வந்தபோதுதான் மனதில் பதிந்தது. நடுப்பள்ளம் 788 மீட்டரில் நின்றுவிட, தென்பள்ளம் இன்னும் ஐந்து அட்டை இறங்கியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வடபகுதிதான். அங்கே சராசரி ஆழம் 5, 6 மீட்டர். என் அளவில் கால் மில்லிமீட்டர்கூட வராததால் அட்டையை விட்டு வரைபடத்தாளுக்குப் போனேன். கடற்பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு இது. மொத்த நீரிலோ நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கடலுக்கு வரும் ஆற்றுநீரில் 80 சதவீதத்தைக் கொண்டுவரும் வோல்காவும் இங்கேதான் கலக்கிறது. அதனால் கழிமுகத்தருகே தண்ணீரில் உப்பே தெரியாது.

1929 முதல் 1977 வரை நீர்மட்டம் சுமார் 3 மீட்டர் இறங்கியது. 1995க்குள் இரண்டரை மீட்டர் ஏறி, இப்போது மறுபடி இறங்கிக்கொண்டிருக்கிறது. அந்த 3 மீட்டர் தெற்கில் என் மாதிரியில் கண்ணுக்கே தெரியவில்லை. வடக்கிலோ கரைக்கோடு விரல்விரலாக நகர்கிறது. அதனால் வடக்குத் தாளை 1977, 1995 என்று இரண்டாக வெட்டி, மாற்றி மாற்றிப் பொருத்தும்படி செய்திருக்கிறேன்.

அப்புறம், கிழக்கே கரா-போகாஸ்-கோல் குடா. கடல்நீர் குறுகலான வாய் வழியே உள்ளே போய் ஆவியாகி, உப்பாகப் படியும் இடம். அந்த வாயை 1980இல் அணை கட்டி அடைத்தார்கள், 1992இல் திறந்துவிட்டார்கள். அதன்மேல் பொடித்த உப்பைத் தூவிப் பார்த்தேன். ஈரம் இழுத்து அட்டை நெளிந்துவிட்டது. அடுத்து வெள்ளைச் சுண்ணப்பொடியைப் பசையில் குழைத்துப் பூசப்போகிறேன்.