இண்டர்லாக் குறிப்புகள், சுங்கை சிப்பூட், மலேசியா

3 மார்ச் 2025
செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்றுக்கு இண்டர்லாக் பூட்டுகிறோம். ஓட்டுநர் ஊதி, மூச்சில் மது இல்லை என்று தெரிந்தால்தான் வண்டியை ஸ்டார்ட் ஆக விடும் கருவி. அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் குடித்து ஓட்டி மாட்டியவர்களுக்கு இதைப் பூட்டும் சட்டம் ஏதோ ஒரு வடிவில் உண்டு. முதல் குற்றத்துக்கே எல்லோருக்கும் கட்டாயமாக்கியது நியூ மெக்சிகோ, 2005இல். மலேசியாவில் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 45ஏ பிரிவு முதல் குற்றத்துக்கு 10,000 முதல் 30,000 ரிங்கிட் அபராதம், 2 ஆண்டு வரை சிறை, லைசென்ஸ் பறிப்பு என்றுதான் போகிறது. இங்கே வண்டிக்காரர் தானாக மனம்வைத்தால்தான் இது உள்ளே வரும்.

4 மார்ச்
வயரிங். நான்கு இணைப்பு: பேட்டரியின் நேர் மின்சாரம், எர்த், சாவி திருப்பினால் வரும் மின்சாரம், ஸ்டார்ட்டர் வயர். லோரியில் 24 வோல்ட். யூனிட் அதைத் தாங்குமா என்று பார்க்காமல் கொடுத்தால் போர்டு கருகிவிடும். சாவியிலிருந்து ஸ்டார்ட்டர் சோலினாய்டுக்குப் போகும் சிறு வயரை மட்டும் வெட்டி, நடுவில் ரிலேயை, அதாவது கருவி சொன்னால் மட்டும் மின்சாரத்தை விடும் சுவிட்சை, சேர்க்க வேண்டும். எஞ்சின் ஓட உதவும் எந்த வயரிலும் கை வைக்கவே கூடாது. பாரம் ஏற்றிய லோரி இறக்கத்தில் அணைந்தால் ஸ்டியரிங் இறுகிவிடும், பிரேக்கும் கைவிடலாம். இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு, மேலே சீல் ஒட்டினோம். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு தோட்டத்துச் செம்மண் பாதையில் ஒரு மாதம் தாங்காது.

6 மார்ச்
உள்ளே இருப்பது பிளாட்டினம் மின்வாய்கள் கொண்ட ஃப்யூல் செல். மூச்சிலுள்ள எத்தனால் அதில் பட்டு அசிட்டிக் அமிலமாகும்போது உண்டாகும் மின்னோட்டத்தைத்தான் கருவி அளக்கிறது. நுரையீரலின் அடிக்காற்று வேண்டும் என்பதால், விடாமல் சுமார் 5 விநாடி, ஒன்றரை லிட்டர் அளவுக்கு ஊத வேண்டும். பாதியில் நிறுத்தினால் சோதனை செல்லாது. வாயிலேயே தங்கிய ஆல்கஹால் குடிக்காதவரையும் மாட்டிவிடும்: மவுத்வாஷ், இருமல் மருந்து, புளித்த சோற்றில் செய்யும் நம் ஊர்த் தாப்பாய். தண்ணீரில் கொப்பளித்து 15 நிமிடம் பொறுத்தால் போய்விடும். கைக்குச் சானிடைசர் தடவியவுடன் கருவியைத் தொடக்கூடாது.

7 மார்ச்
பெரட்டு நேரக் கணக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் நேரத்துக்கு உடலில் எவ்வளவு மது மிச்சம் என்பது. இது எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது. 2020 அக்டோபர் 23 முதல் சட்ட வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், 100 மில்லி மூச்சில் 22 மைக்ரோகிராம். அமெரிக்கக் கருவிகள் ஸ்டார்ட்டைத் தடுப்பது பெரும்பாலும் ரத்தத்தில் 20 மில்லிகிராமில். மூச்சில் அது சுமார் 9.5 மைக்ரோகிராம். உடல் மணிக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் கரைக்கும். நள்ளிரவில் 120 இருந்தால் காலை ஐந்தரைக்கு இன்னும் 38 மிச்சம், 20இல் தடுக்கும் கருவி வண்டியைக் கிளம்ப விடாது. ஓட்டுநர் தெளிவாகத்தான் இருப்பார், தூங்கி எழுந்துவிட்டோம் என்றும் சொல்வார். சம்சு என்னும் மலிவுச் சாராயம் குடித்தவருக்குத் தூக்கம் கணக்கைக் குறைக்காது. கறுப்புக் காப்பியும் குறைக்காது.

12 மார்ச்
தள்ளி ஸ்டார்ட் செய்தால்? ரிலே அதைத் தடுக்காது. எஞ்சின் ஓடுவதை உணர்ந்து, சோதனையில்லாமல் ஓடியது என்று கருவி பதிவுசெய்துகொள்ளும். ஓடும்போது முதல் மறுசோதனை 5 முதல் 7 நிமிடத்துக்குள், பிறகு எதிர்பாராத இடைவெளிகளில். சில நிமிட அவகாசத்தில் ஓரம் கட்டி ஊதலாம். தவறினால் ஹாரனும் விளக்கும் அலறும், எஞ்சின் அணையாது. கிளீனரை ஊதச் சொல்லி ஏமாற்றும் வழியை அடைப்பது இந்த மறுசோதனையும் கேமராவும்தான். கேமரா இல்லாத யூனிட்டை நாங்கள் பூட்டச் சொல்வதில்லை.

3 ஏப்ரல்
முதல் கேலிபிரேஷன். ஃப்யூல் செல் நாளாக ஆகத் தளர்ந்து குறைத்துக் காட்டத் தொடங்கும். அளவு தெரிந்த ஆல்கஹால் கரைசலை 34 டிகிரியில் வைத்து, அந்த ஆவியைச் செலுத்திச் சரிபார்க்கிறோம். வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே அளவும் மாறும். அதனால் கரைசல் சூடேறி நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் அன்றைய வேலை முழுதும் தப்பு. தேதி தவறினால் வண்டியைப் பூட்டிவிடும் யூனிட்டும் உண்டு. அறுவடை மும்முரத்தில் இதை மறந்துவிடாதீர்கள்.

பதிவை இறக்கிப் பார்த்ததில் திங்கட்கிழமைக் காலைகளில்தான் தோல்விகள் குவிந்திருக்கின்றன. அடுத்த மாதம் திங்கள்தோறும் மாற்று ஓட்டுநர் ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்லி லோரிக்காரரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.